பூஜ்யத்தை முதலில் அளப்போம்

நம் தமிழ் மன்றத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. மன்ற விழாக்களில் மாணவர்கள் கையால் செய்த மின்கருவிகளை இனிப் பயன்படுத்தலாகாது, வேண்டிய ஒலிக்கருவிகளை வாடகைக்கே எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இத்தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். எதிர்ப்பதற்கு உனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. இந்தத் தீர்மானம் பிறப்பதற்குக் காரணமான குற்றவாளி நான்தான். அந்தக் குற்றத்தை வேறொருவர் தலையில் ஏற்றிவைத்தவனும் நானே. ஆகவே இக்கட்டுரை பாதி வாதம், பாதி வாக்குமூலம். இரண்டையும் பொறுமையோடு படிக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

2025ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்தவர்கள் அன்று நடந்ததை மறந்திருக்கமாட்டார்கள். தில்லியின் தை மாதக் குளிரிலும் மண்டபம் நிறைந்திருந்தது. நானும் இரு நண்பர்களும் விடுதி அறையில் மூன்று வாரம் கண்விழித்துச் செய்த ஆம்ப்ளிபையர் மேடையோரத்தில் கம்பீரமாக வீற்றிருந்தது. அன்று காலையில்தான் கடைசி ஈயப்பற்றை வைத்து முடித்தோம். மங்கல இசையாக நாகசுரம் போடச் சொன்னார் செயலாளர். போட்டேன். முதலில் 'தொப்'பென்று ஓர் ஓசை. பிறகு நாகசுரம் வந்தது. ஆனால் சீவாளி பிளந்த நாகசுரம்போல் கரகரத்துக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளி அப்படியே நின்றது. அதை நான் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. ஐந்து நிமிடத்தில் தீய்ந்த நாற்றம் எழுந்தது. அதன்பின் மௌனம். பட்டிமன்றத்தில் பேச வந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் குறைவில்லை.

உறுப்பினர் பலர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் வாங்கிய ஸ்பீக்கர் அது. "என்ன ஆயிற்று?" என்று எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மின்னணுவியல் படிக்கிறவன் அல்லவா? தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "டிரான்சிஸ்டர் போலி, சந்தையில் ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒரே போடாகப் போட்டேன். அந்த டிரான்சிஸ்டர்களைச் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்தவர் முதலாண்டு வரலாறு படிக்கும் தம்பி ஒருவர். நாற்பது பேர் நடுவில் அவர் முகம் வாடியதை நான் கண்டேன். கண்டும் என் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. அதன்பின் அவர் மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

நான் என்ன செய்தேன்? புதிதாக ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் வாங்கி மாட்டினேன். ஒரு பழைய சிறு ஸ்பீக்கரை இணைத்துப் பார்த்தேன். கூம்பு முன்போலவே முன்னே தள்ளி நின்றது. அவசரமாகப் பிடுங்கினேன். இன்னொரு கடையில் இன்னொரு ஜோடி வாங்கினேன். அதே கதை. ஊரிலுள்ள டிரான்சிஸ்டர் எல்லாம் போலி என்ற முடிவுக்கு வரத் தயாராக இருந்தேனே ஒழிய, என் கையில் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு கணமும் எழவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில் அந்தத் தம்பியே என் அறைக்கு வந்தார். கையில் இரவல் வாங்கிய மல்ட்டிமீட்டர் ஒன்று, குறிப்பேடு ஒன்று. "அண்ணே, நான் வாங்கிவந்தது போலி என்றால் பணத்தை நான் கட்டிவிடுகிறேன். ஆனால் எது போலி, எந்த இடத்தில் போலி என்று எனக்குக் காட்டிவிடுங்கள்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே எனக்குச் சங்கடமாயிருந்தது.

அன்றிரவு நாங்கள் கண்டதைச் சொல்லுமுன், விஷயம் தெரியாத நேயர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவை.

இசை மின்கம்பியில் செல்லும்போது பூஜ்யத்துக்கு மேலே ஏறும், கீழே இறங்கும், மறுபடி ஏறும். ஸ்பீக்கரின் கூம்பும் அவ்வாறே முன்னும் பின்னும் ஆடும். இசை நின்றால் ஆம்ப்ளிபையரின் வாசலில் பூஜ்யம் வோல்ட் இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசைப் போன்றது இது. எதையும் வைக்காதபோது முள் நடுவில் நிற்க வேண்டும். வெறுந்தட்டே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதன்பின் நிறுப்பதெல்லாம் பொய். ஆம்ப்ளிபையரில் அப்படி நேரும் சாய்வைத் தொழில் தெரிந்தவர்கள் டி.சி. ஆப்செட் என்பார்கள். இசையே இல்லாத வேளையிலும் வாசலில் ஒரே பக்கமாக நின்றுகொண்டிருக்கும் நேர்மின் அழுத்தம் அது.

அதனால் என்ன கேடு? 8 ஓம் என்று முதுகில் எழுதியிருக்கும் ஸ்பீக்கரின் சுருளை மீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 6 ஓம்தான் காட்டும். சாய்வு 50 மில்லிவோல்ட் என்றால் அதில் 8 மில்லி ஆம்பியர் ஓடும், ஒன்றும் ஆகாது. 2 வோல்ட் என்றால் மூன்றிலொரு ஆம்பியர். கூம்பு தன் இருப்பிடத்தை விட்டு நகர்ந்துவிடும், இசை கெடும். 11 வோல்ட் என்றால் 1.8 ஆம்பியர், அதாவது 20 வாட் வெப்பம். இசையின் வெப்பம் வரும், போகும். இதுவோ இமைப்பொழுதும் ஓயாமல் நின்று எரிப்பது. நம் ஸ்பீக்கர் 10 வாட் தாங்கக்கூடியது. அதன் கதி என்ன என்று சொல்லவும் வேண்டுமோ?

நம் தாத்தா காலத்து வால்வு ஆம்ப்ளிபையர்களில் இந்தத் தொல்லை ஸ்பீக்கரை எட்டியதில்லை. 1947இல் புகழ்பெற்ற வில்லியம்சனின் ஆம்ப்ளிபையரில் வாசலில் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. நேர்மின் அதைத் தாண்டாது. 1969இல் லின்ஸ்லி ஹூட் வெளியிட்ட எளிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையரில் வாசலில் ஒரு பெரிய மின்தேக்கி, கடைக்காரர் மொழியில் கண்டென்சர், காவல் நின்றது. நாங்கள் செய்தது அவ்வகையன்று. 15-0-15 டிரான்ஸ்பார்மரிலிருந்து மேலே 20 வோல்ட், கீழே 20 வோல்ட் என இரு பக்க மின்சாரம் பெற்று, ஸ்பீக்கரோடு நேரே இணையும் வகை. நடுவில் காவலாளி இல்லை. ஆகவே உள்ளே பிழை நேர்ந்தால் அது நேரே ஸ்பீக்கரின் தலையில் விடியும்.

நிற்க. அன்றிரவு நடந்ததற்கு வருகிறேன்.

ஆம்ப்ளிபையரை மேசைமேல் வைத்தோம். மின்சாரம் வரும் வழியில் 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தேன். உள்ளே எங்கேனும் குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கருவி பிழைக்கும். இதற்கு இழை பல்புதான் வேண்டும்; எல்.இ.டி. பல்பு உதவாது. ஸ்பீக்கரைக் கழற்றி வைத்தோம். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. நல்ல சகுனம். டிரான்சிஸ்டர் எரிந்து குறுகியிருந்தால் பல்பு மங்கியிராது. என் 'போலி' வாதத்துக்கு விழுந்த முதல் அடி அது.

"அண்ணே, எதை முதலில் பார்ப்பது?" என்றார் தம்பி. வழக்கம்போல் டிரான்சிஸ்டரைக் காட்டப் போனேன். அவர் தடுத்தார். "மின்சாரம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து வரிசையாகப் பார்த்துவரலாமே. நாங்கள் வரலாற்றில் அப்படித்தான் செய்வோம். எது முந்தி, எது பிந்தி என்று தெரியாமல் காரணம் சொல்லக்கூடாது என்பார்கள்." நான் அளந்தேன், அவர் எழுதினார். அந்தப் பக்கம் இன்று என்னிடம் இருக்கிறது.

மேல் மின்சாரம் 20.3 வோல்ட். கீழ் மின்சாரம் 20.2 வோல்ட். இரண்டும் சரி. ஒரு பக்கத்து பியூஸ் போயிருந்தாலும் வாசல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், இங்கே அப்படியில்லை. அடுத்து வாசல்: 10.9 வோல்ட். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று! ஸ்பீக்கரைக் கொன்ற ஆயுதம் கிடைத்துவிட்டது. பிடித்த கைதான் இன்னும் கிடைக்கவில்லை. கைபேசியிலிருந்து ஏதேனும் வருகிறதோ என்று அதைப் பிடுங்கி, இசை நுழையும் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தோம். வாசலில் அதே 10.9. ஆகவே கைபேசி குற்றவாளியன்று.

இனி முன்வரிசை. இவ்வகை ஆம்ப்ளிபையரின் முகப்பில் இரு சிறு டிரான்சிஸ்டர்கள் இரட்டையராக நிற்கும். ஒன்றின் பேஸுக்கு உள்ளே வரும் இசை செல்லும். மற்றதன் பேஸுக்கு, வாசலில் வெளியேறும் இசையின் ஒரு பங்கு திரும்பி வரும். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் ஆம்ப்ளிபையர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இதற்கு எதிர்ப்பின்னூட்டம் என்று பெயர். 1927 ஆகஸ்டு 2ஆம் நாள் காலை, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்கையில், கையிலிருந்த செய்தித்தாளின்மேலேயே எழுதிவைத்த கருத்து அது. அதற்குரிய காப்புரிமை கிடைத்தது 1937இல். இன்று உலகில் பாடும் ஆம்ப்ளிபையர்களில் மிகப் பெரும்பாலானவை அந்தத் தத்துவத்தின்மேல்தான் நிற்கின்றன.

இசை நுழையும் பேஸை அளந்தேன்: 0.33 வோல்ட். பின்னூட்டம் திரும்பும் பேஸை அளந்தேன்: அங்கும் 0.33 வோல்ட். ஊசி மீட்டராயிருந்தால் அதுவே மின்னோட்டத்தை இழுத்து அளவைக் கெடுத்திருக்கும். நல்லவேளையாக இது எண் காட்டும் மீட்டர். தம்பி இரு எண்களையும் அடுத்தடுத்து எழுதிவிட்டுக் கேட்டார்: "இரண்டும் ஒன்றாக இருக்கிறதே, அண்ணே. அப்படியென்றால் ஒப்பிட்டுத் திருத்தும் வேலை சரியாகத்தானே நடக்கிறது?"

நான் வாயடைத்துப்போனேன். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. எங்கேனும் ஒரு டிரான்சிஸ்டர் செத்திருந்தால் இந்த இரு எண்களும் ஒன்றாக இருந்திருக்கமாட்டா. ஆம்ப்ளிபையர் நோயில் கிடக்கவில்லை. தனக்கு இட்ட கட்டளையை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தது. கட்டளையே தவறு. கட்டளை இட்டவன் யார்?

படத்தை விரித்தேன். முதல் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து தரைக்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்று படத்தில் இருந்தது. என்னிடம் 22 ஒன்றுதான் இருந்தது. அதைப் பின்னூட்டத்தில் மாட்டிவிட்டு, இங்கே 100 கிலோ ஓம் வைத்திருந்தேன். உள்நுழைவுத் தடை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தேன். முகப்பு டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றிலும் 1 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதன் பெருக்கம் 300 என்றால், பேஸில் 3.3 மைக்ரோ ஆம்பியர் ஓடியே தீரும். அது 100 கிலோ ஓம் வழியாகத் தரைக்குப் போகையில் 0.33 வோல்ட்டை உண்டாக்கும். மீட்டர் காட்டிய அதே எண்!

ஆனால் 0.33 எப்படிப் பதினொன்றாயிற்று? அங்கேதான் என் இரண்டாவது திருவிளையாடல். பின்னூட்டத்தில் 22 கிலோ ஓமும் 680 ஓமும் சேர்ந்து இசையை ஏறத்தாழ 33 மடங்கு பெருக்குகின்றன. 680 ஓமுக்கும் தரைக்கும் இடையே 47 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று இருக்க வேண்டும் என்கிறது படம். அது இசைக்கு வழிவிடும், நேர்மின்னுக்கு வழிவிடாது. ஆகவே இசை 33 மடங்கு பெருகும். நேர்மின் ஒரு மடங்கோடு நின்றுவிடும். மின்தேக்கி இசையின் இனிமையைக் கெடுக்கும் என்று எங்கோ படித்த அரைகுறை ஞானத்தில், நான் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பித்துண்டை வைத்துப் பற்றவைத்திருந்தேன்! கம்பி நேர்மின்னுக்கும் வழிவிட்டது. 0.33 பெருக்கல் 33 எவ்வளவு? ஏறத்தாழ 11. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் கணக்கு. இரண்டு வாரமும் மூன்று ஜோடி டிரான்சிஸ்டரும் செலவிட்டும் எனக்குத் தெரியாத கணக்கு.

சுவிட்சை அணைத்து, பெரிய மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை பொறுத்திருந்து, கம்பியை எடுத்துவிட்டு 47 மைக்ரோபாரட்டை அதற்குரிய இடத்தில் வைத்தோம். 680 ஓமோடு சேர்ந்து அது தடுப்பது 5 அலைக்குக் கீழே உள்ளதைத்தான். மனிதக் காதுக்குக் கேட்பதோ 20 அலை முதல். ஆகவே இனிமை கெடும் என்ற பேச்சு இங்கே வெறும் பேச்சு. மறுபடி சுவிட்சைப் போட்டு, மின்தேக்கி நிரம்பச் சில விநாடி பொறுத்து அளந்தோம். வாசலில் 0.26 வோல்ட்.

"போதும் தம்பி, இதனால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை" என்றேன். அவர் விடவில்லை. "இந்த 0.26 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டதா, அண்ணே?" தெரிந்திருக்கவில்லை. யோசித்தேன். ஒரு பக்கம் 100 கிலோ ஓமில் 0.33 வோல்ட், மறுபக்கம் 22 கிலோ ஓமில் அதே 3.3 மைக்ரோ ஆம்பியர் உண்டாக்குவது 0.07 வோல்ட். கழித்தால் 0.26. இரு பக்கமும் ஒரே அளவு ரெசிஸ்டர் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். படம் போட்டவர் இரு இடத்திலும் 22 என்று எழுதியது அதற்காகத்தான்! மறுநாள் ஐம்பது காசு பெறாத அந்த ரெசிஸ்டரை வாங்கிவந்து வைத்தோம். மீட்டர் 12 மில்லிவோல்ட் காட்டியது. அந்த மிச்சம் இரட்டையரின் பிறவி வேற்றுமை. தம்பி விளையாட்டாக ஒரு டிரான்சிஸ்டரின்மேல் விரலை வைத்தார். எண் 20ஐத் தாண்டியது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் டிரான்சிஸ்டரின் பேஸ் அழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும் என்று புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதியிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து நூலால் கட்டினோம், எண் நிலைத்தது.

முதலில் வாங்கிய ஜோடியைத் தேடி எடுத்து மறுபடி மாட்டினோம். நான் 'போலி' என்று பட்டம் சூட்டிய அதே ஜோடி. இன்றுவரை அது பாடிக்கொண்டிருக்கிறது.

இந்நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. திருத்தும் ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியாயிருந்தாலும், அதன் பூஜ்யம் தவறாக இருந்தால், அது தவற்றையே நேர்த்தியாகப் பெருக்கிக் காட்டும். என் ஆம்ப்ளிபையர் அதைத்தான் செய்தது. நானும் அதைத்தான் செய்தேன். 'என் கை தவறாது' என்பதை என் பூஜ்யமாக வைத்துக்கொண்டேன். அதன்பின் நான் செய்த சோதனை ஒவ்வொன்றும் டிரான்சிஸ்டர் போலி என்பதற்கே சாட்சியாயிற்று. நம் கல்லூரிப் படிப்பு இதற்கு மருந்து தருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் நமக்குக் கிடைப்பது வேலை செய்யும் சுற்று. வரவேண்டிய விடை முன்பே தெரியும். வராவிட்டால் பக்கத்து மேசையில் பார்த்து எழுதிக்கொள்வோம். கெட்டுப்போனதைக் கையில் கொடுத்து, ஏன் கெட்டது என்று கண்டுபிடி என்று சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? மதிப்பெண் எத்தனை? ஒரு பிழையை அதன் வேர்வரை தொடர்ந்து சென்று பிடிக்கும் பயிற்சி நமக்குக் கிடைக்கும் இடம், நாமே செய்து நாமே கெடுத்துக்கொள்ளும் இத்தகைய கருவிதான்.

வேறு யோசனைகளும் சொல்லப்பட்டன. ஸ்பீக்கருக்கு முன் 2200 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார் ஒரு நண்பர். அதற்கென்றே வகுத்த சுற்றில் அது நேர்மையான உறுப்பு. நம் சுற்றில் அது புண்ணின்மேல் போட்ட புடவை. பதினொரு வோல்ட் உள்ளே அப்படியே இருக்கும். ஒரு பக்கம் ஏற இடமின்றி இசை அப்போதும் கரகரக்கும். சிறு திருகு ஒன்றை வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். காரணம் அறியாமல் திருகினால், காலையில் பூஜ்யம் காட்டுவது மாலையில் காட்டாது. நேர்மின் வந்தவுடன் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே வேண்டும் என்றார் மூன்றாமவர். அது வேண்டியதுதான், இப்போது பொருத்தியும் விட்டோம். ஆனால் ரிலே காவல்காரன்; வைத்தியன் அல்லன். நோயைக் கண்டபின் காவல் வைப்பது விவேகம். நோயை அறியாமல் காவல் மட்டும் வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். அதைக் கொண்டுவரும் நண்பர்களின் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. 230 வோல்ட் விளையாட்டுப் பொருளன்று, விழாவில் குழந்தைகளும் வருகிறார்கள், பொதுப்பணம் வீணாகக்கூடாது. இவையெல்லாம் சரியான கவலைகள். ஆனால் தீர்மானம் செய்வது என்ன? பொங்கலன்று நேர்ந்த பிழை யாருடையது, எத்தகையது என்று அளக்காமலே, 'கையால் செய்தது' என்பதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. நான் 'சந்தையில் வாங்கியது' என்பதை ஏற்றினேனே, அதுபோல! பிழை செய்தது கையன்று. அளக்காமல் இணைத்த அவசரம். வாடகைக் கருவியையும் அளக்காமல் அவசரமாக இணைத்தால் இதே கதிதான்.

ஆகவே தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் தருகிறேன். கையால் செய்த கருவி எதுவானாலும், விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே முடித்துக் காட்டப்பட வேண்டும். மின்சாரம் நுழையும் பகுதி மூடப்பட்டு, பியூஸும் தரையிணைப்பும் உடையதாக இருக்க வேண்டும். அதனை விவரமறிந்த ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஸ்பீக்கரை இணைக்குமுன், இசையில்லாத நிலையில், சுவிட்சு போட்டவுடன் ஒருமுறையும் அரைமணி கழித்து ஒருமுறையும் வாசலின் நேர்மின் அழுத்தத்தை அளந்து ஏட்டில் எழுத வேண்டும். அது 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், காரணம் தெரியும்வரை ஸ்பீக்கரை இணைக்கலாகாது. அளப்பவர் கருவியைச் செய்தவராக இருக்கலாகாது. இந்தக் கடைசி விதியை என் அனுபவத்தால் சேர்க்கிறேன். செய்தவன் கண்ணுக்குத் தன் கம்பித்துண்டு தெரிவதில்லை.

எரிந்த ஸ்பீக்கரின் விலையை நான் மன்றக் கணக்கில் கட்டிவிட்டேன். அது பணக்கடன். இன்னொரு கடன் பாக்கி. நாற்பது பேர் நடுவில் ஒருவர்மீது சொன்ன பழியை, அறைக்குள் தனியாகச் சொல்லும் மன்னிப்பு தீர்க்காது. ஆகவே மன்றத்தார் அனைவரும் படிக்கும் இந்த ஏட்டில் எழுதுகிறேன்: அந்தத் தம்பி வாங்கிவந்த டிரான்சிஸ்டர் நல்லது, விற்ற கடைக்காரரும் நல்லவர், தவறு முழுவதும் என்னுடையது. நான் சொன்ன சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் பொங்கலுக்கு அதே ஆம்ப்ளிபையரில் நாகசுரம் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. மன்றத்தார் இசைந்தால், ஸ்பீக்கரை இணைக்குமுன் மீட்டரைப் பிடிப்பவர் அந்த வரலாற்று மாணவராகவே இருக்கட்டும். அவர் சொல்லும் எண்ணை நான் எழுதிக்கொள்கிறேன்.